சன்னலில் தொங்கிய பூதக்கண்ணாடி

இதை எழுத உட்காரும் முன் எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். என் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுத வேண்டும். பிறர் சொல்லி அறிந்ததை அவர் சொன்னதாகவே குறிக்க வேண்டும். ஊகத்தை ஊகம் என்றே சொல்ல வேண்டும். ஓர் அனுபவத்தைச் சொல்வதற்கு இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று தோன்றலாம். இந்த நிகழ்வின் நடுவே நான் உண்மையல்லாத இரண்டு சொற்களைச் சொன்னேன். அவற்றின் சுமை வேறொருவர் தலையில் இறங்கியது. அதன்பின் இதைப் பற்றிச் சரிபார்க்காத ஒரு சொல்லையும் எழுத எனக்கு உரிமை இல்லை. யாருடைய பெயரையும் சொல்லாமல் விடுவதும் அவர்கள் பொருட்டுத்தான்.

நடந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில். இடம், கொடைக்கானலைத் தாண்டி மேல்மலையில் உள்ள பூண்டி.

நான் மெய்ப்புத் திருத்துபவன். நூல்கள் அச்சேறும் முன் அவற்றின் பிழைகளைக் களைவது என் தொழில். பழநியில் ஓர் அச்சகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். வேலை தொடங்கிய நாள் முதல் என்னிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. உள்ளங்கை அகலம்; பித்தளை வளையம்; தேக்குக் கைப்பிடி; கைப்பிடியின் நுனியில் ஒரு துளை, அதில் கோத்த கறுப்புக் கயிறு. அந்த ஆண்டு வலக்கண்ணில் புரை நீக்கிய பின்பு அது இல்லாமல் ஒரு வரிகூட என்னால் படிக்க முடியாத நிலை. எழுநூறு பக்க நூல் ஒன்று கையில் இருந்தது. அச்சகத்தின் இரைச்சலில் வேலை ஓடவில்லை.

அதே அச்சகத்தில் முன்பு புத்தகம் தைத்துக் கட்டிக்கொண்டிருந்த என் நண்பர், தந்தை இறந்த பின் பூண்டிக்குத் திரும்பி நிலத்தைப் பார்த்துவந்தார். என் சிரமத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "இங்க வந்துருய்யா. ஈ எறும்புகூடச் சத்தம் போடாது. ஒன் காப்புள்ளியெல்லாம் எண்ணிக்கிட்டுப் பேசாமக் கெட" என்றார். திருத்த வேண்டிய கட்டுத்தாள்களோடு மலை ஏறினேன்.

தகரக் கூரை போட்ட மண்சுவர் வீடு. நண்பர், அவர் மனைவி, மகன், மருமகள் என நால்வர். மருமகளின் தாய்வீடு பள்ளங்கியில். மணமாகி ஓராண்டு ஆகியிருந்தது. வாயடங்காத, சிரித்த முகமுள்ள பெண்.

வீட்டின் பின்னறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆவணியில் தோண்டிய மலைப்பூண்டில் அடுத்த விதைப்புக்கென ஒதுக்கியதை, காய்ந்த தாளோடு பிடிபிடியாகக் கட்டி, மூங்கில் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றின் கீழே, தரையில், ஒரு சிறு புகையடுப்பு. ஐப்பசியில் அங்கே மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். புகை காட்டாவிட்டால் பூண்டு அழுகிவிடும். ஆகவே அடுப்பில் எந்நேரமும் கனல் இருக்க வேண்டும். சுடர் மட்டும் எழக் கூடாது. அந்தக் கனலைக் காக்கும் பொறுப்பு மருமகளுடையது.

அதற்கு அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாரும் காட்டு வேலைக்குப் போகும் நாளில், கடைசியாக வீட்டைவிட்டு இறங்குகிறவர் கனல்மேல் சாம்பலைத் தள்ளி மூடி, அந்தச் சாம்பலின்மேல் உள்ளங்கையைப் பதித்து வைப்பார். கை பொறுக்கும் சூடாக இருந்தால் போகலாம். பொறுக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் சாம்பல். திரும்பி வருகிறவர் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கைத்தடத்தைத்தான். தடம் கலையாமல் இருந்தால் கனல் அடங்கிக் கிடந்தது என்று பொருள். நான் அங்கே இருந்த நாள்களில் அவள் கைத்தடத்தை இருமுறை கண்டேன். சிறிய கை. மோதிரவிரலின் அடியில் மோதிரம் அழுந்திய கோடு தெளிவாகத் தெரிந்தது.

வீட்டிலேயே கதகதப்பான இடம் அந்த அறைதான் என்பதால் எனக்கும் அங்கேயே மேசை போட்டார்கள். கிழக்கே பார்த்த சிறு சன்னல் ஒன்று இருந்தது. அதன் கண்ணாடிக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். சன்னல் சட்டத்தின் மேலே ஓர் ஆணி. மாலையில் வேலை முடிந்ததும் பூதக்கண்ணாடியை அந்த ஆணியில் மாட்டிவைத்தேன். மலையின் ஈரத்தில் தோலுறைக்குள் வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். புகையடுப்பின் சூட்டில் காற்றாடத் தொங்கினால் பிடிக்காது. இது நானாக யோசித்துச் செய்தது. கருவியின்மேல் அத்தனை அக்கறை. மறுநாள் விடிந்ததும் மேசையில் உட்காரும்போது கழற்றிக்கொள்வேன். ஆணியில் இருந்தபோது அதற்கும் அருகிலிருந்த பூண்டுக் கட்டுகளுக்கும் இடையே ஒரு சாண் தூரம் இருந்திருக்கும். அளந்து பார்க்கவில்லை.

முதல் இரண்டு நாளும் வெயில் என்பதையே பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நண்பகலில் மேகம் சற்று விலகியது. நண்பர் முற்றத்தில் நின்றுகொண்டு பீடியை உதட்டில் வைத்தபடி தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக உரசி எறிந்துகொண்டிருந்தார்.

"இந்த ஊருல தீப்பெட்டிக்கும் சளி புடிச்சுக் கெடக்கு. ஏலே, உள்ள போயி ஒரு கங்கு எடுத்துட்டு வாடா" என்று மகனிடம் கத்தினார்.

நான் பூதக்கண்ணாடியோடு வெளியே வந்து, பீடியை வாங்கி, வெயிலைக் குவித்து அதன் நுனியில் நிறுத்தினேன். வெளிச்சப் பொட்டு ஊசிமுனையாகச் சுருங்கியது, புகை எழுந்தது, நண்பர் இழுத்தார், பற்றிக்கொண்டது.

"அத்தை, வெளிய வாங்க! சார் சூரியனைப் புடிச்சு மாமா பீடிக்குள்ள விட்டுட்டாரு!" என்று மருமகள் கூவினாள்.

நண்பரின் மனைவி முறத்தோடு வந்து நின்று, "நல்லாப் பழக்கி விடுங்கண்ணே. இனி வெயிலடிச்சாப் போதும், சோலியப் போட்டுட்டுப் பீடியத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துருவாரு" என்றார்.

மருமகளுக்கும் செய்து பார்க்க ஆசை. பூதக்கண்ணாடியை வாங்கி, ஒரு காய்ந்த பூண்டுத் தாளைக் கல்லின்மேல் வைத்துக் குவித்தாள். பத்து எண்ணுவதற்குள் அது சுடர்விட்டது. பதறிப்போய்க் காலால் மிதித்து அணைத்தாள்.

"ஆத்தி! எம்புட்டு வெரசாப் புடிக்குது! சார், இந்தச் சாமானை எங்க பூண்டுகிட்ட கொண்டு போயிராதீங்க. ரெண்டு மாசமாப் புகை குடிச்ச தாளு, பாத்தாலே பத்திக்கும்."

"முப்பது வருஷமா என் கையில இருக்குதும்மா. ஒரு காகிதத்தைக்கூடக் கருக்கினதில்லை" என்றேன்.

அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கண்முன்னே பார்த்தேன், அவள் வாயால் கேட்டேன். அன்று மாலையும் அதே ஆணியில்தான் மாட்டினேன். மேகம் மறுபடி இறங்கியிருந்தது. விடியலில் எப்படியும் கழற்றப்போகிறேன் என்பது என் கணக்கு.

ஐந்தாம் நாள் காலை அந்தக் கணக்கு பிசகியது. முந்தைய மாலையே திருத்தம் முடிந்துவிட்டதால் விடியலில் நான் மேசையில் உட்காரவில்லை. கட்டுத்தாள்களைக் காலைப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. நடத்துநர் நண்பருக்குப் பழக்கம்; அவரும் உடன் வந்தார். நண்பரின் மனைவியும் மகனும் வெள்ளனே எழுந்து கீழ்க்காட்டுக்குக் காரட் பிடுங்கப் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டிய மருமகள் மட்டும் வீட்டில் இருந்தாள். நாங்கள் படியிறங்கும்போது அவள் அடுப்பின் முன் குந்தியிருந்ததைப் பார்த்தேன். சாம்பலைத் தள்ளிக்கொண்டிருந்தாளா, கனலைக் கிளறிக்கொண்டிருந்தாளா என்பதைக் கவனிக்கவில்லை.

பேருந்து நிற்குமிடம் மேட்டில், வீட்டிலிருந்து முக்கால் மணி நடை. வீடோ மலைமடிப்பின் உள்ளே, அங்கிருந்து தெரியாது. பேருந்து தாமதம். காத்திருந்தபோது மேகம் விலகி, எதிர்ச்சரிவு முழுவதும் பளிச்சென்று தெரிந்தது. நான் கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினேன்.

"பாருய்யா, ஒன் சோலி முடிஞ்சதும் வெயில் வந்துருச்சு. ஒனக்குப் பயந்துக்கிட்டு ஒளிஞ்சு கெடந்துருக்கு" என்றார் நண்பர்.

இருவரும் சிரித்தோம். அப்போதும் சன்னல் என் நினைவுக்கு வரவில்லை. அந்த நிமிடத்தைப் பிறகு எத்தனையோ முறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். வெயில் இருக்கிறது, நண்பரின் சிரிப்பு இருக்கிறது, சன்னல் மட்டும் அதில் இல்லை.

பேருந்தில் கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், மடிப்புக்குள்ளிருந்து கரும்புகை எழுவதைக் கண்டோம். நண்பர் ஓடினார். எனக்கு அந்த ஏற்றஇறக்கத்தில் ஓட வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் குழாயிலிருந்து குடம் குடமாக வாரி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னறை முழுவதும் எரிந்து, தகரம் நெளிந்து சரிந்து கிடந்தது. மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னறை தப்பியது, என் பெட்டியும் அங்கேதான் இருந்தது. விதைப்பூண்டில் ஒரு பிடிகூட மிஞ்சவில்லை. ஊர் முழுவதும் பூண்டு வதக்கும் மணம் பரவியிருந்தது. விருந்து சமைக்கும் வீட்டின் மணம். இன்றும் என் வீட்டு அடுப்படியில் பூண்டு வதங்கினால் நான் தெருவுக்கு வந்துவிடுகிறேன்.

ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். தாம் முதல் குடத்தைப் புகையடுப்பில்தான் ஊற்றியதாக நண்பரே பிறகு சொன்னார். தீ அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை. அடுப்பின் சாம்பல் அந்த நீரோடு வழிந்தோடிவிட்டது. அதன்மேல் கைத்தடம் இருந்ததா, இருந்து கலைந்ததா என்று பார்க்க ஒன்றும் எஞ்சவில்லை.

பிற்பகலில், தணிந்த சாம்பலை ஒரு கம்பால் கிளறிக்கொண்டிருந்தேன். ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று எல்லாரும் கிளறிக்கொண்டிருந்தார்கள். சன்னலுக்கு நேர்கீழே என் கம்பு எதிலோ இடறியது. பித்தளை வளையம். கைப்பிடி எரிந்துபோயிருந்தது. கண்ணாடி மூன்றாக வெடித்து, வளையத்தில் ஒரு துண்டு மட்டும் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கியதாக எண்ணினேன். குனிந்து எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது. தோளில் போர்த்தியிருந்த போர்வையின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. ஏன் மறைத்தேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டு வருகிறேன். சற்றுப் பொறுத்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது நான் பொய்யனாக இருக்கவில்லை, தாமதிப்பவனாக இருந்தேன்.

முற்றத்தில் பேச்சு தொடங்கியிருந்தது.

"சாம்பல மூடிட்டுத்தான் அத்தை போனேன். கைய வச்சுப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சேன்" என்றாள் மருமகள். முகமெல்லாம் கரி. குரல் இன்னும் உடையவில்லை.

"மூடினா எப்படிடி பத்தும்? கங்கு தானா எந்திரிச்சு நடந்து போயிப் பத்த வச்சுச்சா?" என்றார் நண்பரின் மனைவி. "போனுல பேசிக்கிட்டே அள்ளிப் போட்டுருப்ப. ஒரு வருசத்து வெதை. கார்த்திகைக்கு எதை ஊன்றது, ஒன் வளவியவா?"

"சத்தியமா மூடினேன்."

அவள் கணவன் ஒதுங்கி நின்றான். நெளிந்த தகரத்தைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

அப்போது அவள் என் பக்கம் திரும்பினாள். எதையோ நினைவுக்குக் கொண்டுவருகிறவளைப் போலப் புருவம் சுருங்கியிருந்தது.

"சார், ஒங்க கண்ணாடி எங்க சார்? சன்னல்ல தொங்குமே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நண்பரும் பார்த்தார், அவர் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, விடையை எதிர்பார்க்கும் பொறுமை மட்டுமே இருந்தது. போர்வைக்குள் வளையத்தின் சூடு விலாவில் உறைத்தது. ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய உண்மை அது.

"பெட்டியில இருக்கு" என்றேன்.

இவையே அந்த இரண்டு சொற்கள்.

"கேட்டுக்கிட்டியா? வந்த விருந்தாளி மேலயே பழியத் தூக்கிப் போடுறாளே. படிச்ச மனுசன், ஒரு எழுத்து தப்பா இருந்தாலே தூங்காதவரு" என்றார் நண்பரின் மனைவி.

"நான் பழி போடலத்தை. சும்மா கேட்டேன்" என்றாள் அவள். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் கரியும் சேறும் அப்பியிருந்தன; சாம்பல் பட்டிருந்ததா என்று அந்தக் கையும் சொல்லாது. நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அந்த நிலையில்தான். மறுநாள் காலை நான் கிளம்பியபோது அவள் வெளியே வரவில்லை.

பேருந்து மலையிறங்கும் வழியில் ஒரு கொண்டையூசி வளைவில், சன்னல் வழியாக வளையத்தைப் பள்ளத்தில் எறிந்தேன். வைத்திருந்தால் கண்ணில் படும், பட்டால் உறுத்தும். வேறு காரணம் இல்லை. அந்த உறுத்தலே ஒருவேளை என்னைத் திரும்பிப் போகச் செய்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. இது ஊகம்.

பழநிக்கு வந்த மறுவாரமே நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. முதல் படியில் வருத்தம் மிகையாக இருந்தது, களைந்தேன். இரண்டாம் படியில் காரணங்கள் தற்காப்பாகத் தொனித்தன, மாற்றினேன். மூன்றாம் படியின் தொடக்கம் பிடிக்கவில்லை. இப்படியே கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. ஒரு பிழையை ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் பிழை இருக்கக் கூடாது என்று ஒருவன் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தான் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இடையில் நண்பர் ஒருமுறை தொலைபேசியில் பேசினார். வீட்டில் வார்த்தை தடித்து, மருமகள் பள்ளங்கிக்குப் போய்விட்டதாகச் சொன்னார். "நம்பாத வீட்டுல நான் எப்படி அடுப்புப் பத்த வைப்பேன்னு கேட்டுட்டுப் போயிட்டாய்யா" என்றார். பையன் கூப்பிடப் போகவில்லையாம். நான் "அப்படியா" என்றேன். அப்போதும் சொல்லவில்லை. கடிதம் அதுவரை முடிந்தபாடில்லை.

தை பிறந்து பத்து நாள் கழித்து, ஐந்தாம் படியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். பூண்டியில் இறங்கி நடந்தேன். பின்னறைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். உள்ளே கழிகள் வெறுமையாக இருந்தன. கீழ்க்காட்டில் பூண்டு ஊன்றும் பாத்தியில் களை மண்டியிருந்தது.

நண்பரும் மனைவியும் மகனும் இருந்தார்கள். உட்காராமலே சொன்னேன். ஆணி, சன்னல், வெயில், வளையம், பெட்டியில் இருக்கிறது என்று சொன்ன பொய், வளைவில் எறிந்தது, எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தேன்.

நண்பர் ஒரு முக்காலியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "உக்காருங்க" என்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் என்னிடம் மரியாதைப் பன்மையில் பேசியது அதுவே முதல் தடவை.

"இங்க அன்னைக்கு வெயில் எங்கங்க அடிச்சுச்சு? பஸ் நிக்கிற மேட்டுல அடிச்சுச்சு, நானும் பாத்தேன். கீழ காட்டுல இவுகளுக்குப் பக்கத்து ஆள் மூஞ்சி தெரியல. மத்தியானம் வரைக்கும் மேகமாத்தான் கெடந்துச்சு. வெயில் இல்லாம ஒங்க கண்ணாடி எப்படிப் பத்தும்?"

"வீடு கீழ்க்காடும் இல்ல, மேடும் இல்ல. நடுவுல இருக்கு. அங்க அடிச்சிருக்கலாம்" என்றேன்.

"அடிச்சிருக்கலாம்" என்று அவர் தலையசைத்தார். நோயாளி சொல்வதற்குத் தலையசைப்பதைப் போல.

"அன்னைக்குப் பெட்டியில இருக்குன்னு சொன்னீங்களே சார்?" என்றான் மகன். "அந்த வளையமாச்சும் இருக்கா? காட்டுங்க."

"எறிஞ்சுட்டேன்னு சொன்னேனே."

அவன் தந்தையைப் பார்த்தான். தந்தை என்னருகே வந்து தோளைத் தொட்டார்.

"நீங்க வந்துட்டுப் போன வீடு ரெண்டாப் போச்சேன்னு ஒங்களுக்கு மனசு ஆறல. எனக்குப் புரியுது. அதுக்காக அவ தப்பைத் தூக்கி ஒங்க தலையில வச்சுக்காதீங்க. யாரும் ஒங்களை ஒண்ணும் சொல்லல."

"பெரிய மனசு அண்ணனுக்கு" என்றார் அவர் மனைவி. "சாப்புட்டுப் போங்கண்ணே."

நான் மறுத்துப் பேசப் பேச, அவர்கள் முகங்களில் இரக்கம் கூடிக்கொண்டே போயிற்று. கடிதத்தை நீட்டினேன். நண்பர் வாங்கினார், பிரிக்காமல் சுவர்க் கடிகாரத்தின் பின்னால் செருகினார். என் பொய்யை ஒரு நொடியில் நம்பியவர்கள் என் உண்மையை ஏற்க மறுத்தார்கள். இரண்டு முறையும் அவர்கள் நம்பியது என்மீது வைத்திருந்த மதிப்பைத்தான். அந்த வீட்டில் நான் சாப்பிட்டேன். மறுக்கும் தகுதிகூட எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

மறுநாள் பள்ளங்கிக்குப் போனேன். விசாரித்து அவள் தாய்வீட்டைக் கண்டுபிடித்தேன். தாய் வாசலில் பீன்ஸ் தரம்பிரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கை நின்றது. உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை நம்பினார். நான் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

மகள் எங்கே என்று கேட்டேன். பொங்கலுக்கு முன்பே, ஊரிலிருந்து போன பெண்களோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். எந்தக் கம்பெனி என்று அவருக்குத் தெரியவில்லை. எண்ணை மாற்றிவிட்டாளாம், அவளாகத்தான் எப்போதாவது யாருடைய தொலைபேசியிலிருந்தாவது கூப்பிடுவாளாம்.

சற்று நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், பீன்ஸைப் பொறுக்கியபடியே அவர் சொன்னது இது. நினைவில் உள்ளபடியே எழுதுகிறேன்.

"வந்தப்போ, நான் மூடினேம்மா, நான் மூடினேம்மான்னு அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா சார். ராத்திரி பகலு அதே பேச்சு. பத்து நாளு கழிச்சு, அந்த சார் கண்ணாடி பெட்டியில இருக்குன்னு சொன்னாரும்மா, அவரு பொய் சொல்றவரு இல்ல, அப்ப நான்தான் சரியா மூடலபோலன்னா. பெறகு அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தா. எங்க வீட்டு அடுப்புக்கிட்டயும் போகல. ஏன்டின்னு கேட்டா, என் கைய எனக்கே நம்பிக்கை இல்லம்மான்னா."

பிறகு, "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல சார்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளுக்கென்று ஒரு தாளில், அங்கேயே வாசலில் குந்தி, நான்கு வரி எழுதினேன். திருத்தவில்லை, படித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தாய்க்கு எழுத்து தெரியாது. மகள் அடுத்த முறை கூப்பிடும்போது பக்கத்து வீட்டாரை விட்டுப் படிக்கச் சொல்வதாக வாங்கி, பீன்ஸ் மூட்டையின் மேல் ஒரு கல்லை வைத்து அதன் கீழே வைத்தார்.

பிறகு இருமுறை பள்ளங்கிக்குப் போனேன். முதல் முறை வீடு பூட்டியிருந்தது. இரண்டாம் முறை வேறொரு குடும்பம் அங்கே குடியிருந்தது. முன்பு இருந்தவர்கள் மகளோடு திருப்பூருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். திருப்பூரில் எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என் நண்பர் இப்போதும் தொலைபேசியில் நலம் விசாரிக்கிறார். முன்போல "வாய்யா, போய்யா" என்று அவர் பேசுவதில்லை.

இப்போது நான் பூதக்கண்ணாடி வைத்துக்கொள்வதில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கணினித் திரையில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் பிறர் செய்த பிழைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். அவை எல்லாம் திருத்தக்கூடியவையாக இருக்கின்றன.

உறுதியாகத் தெரிந்ததை எழுதிவிட்டேன். தெரியாதவை இவை. அன்று காலை அந்தச் சன்னலில் வெயில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. தீ என் கண்ணாடியால் பிடித்ததா, அடுப்பிலிருந்து பிடித்ததா என்றும் தெரியாது. அவள் சாம்பலை மூடினாளா என்பதை அவள் ஒருத்தியே அறிவாள். அவளுக்கு உறுதியாகத் தெரிந்திருந்த அதையும் தெரியாததாக்கியவன் நான். கல்லின் கீழே இருந்த அந்த நான்கு வரியை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டினார்களா என்பது, இதை எழுதும் இன்றுவரை, எனக்குத் தெரியாது.